உடம்பில் உறுத்தும் உடை: ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆட்டிசம் உள்ளவள். துணியைப் பற்றி வாயைத் திறந்தாலே என்னிடம் வரும் கேள்விகளும், ஆட்டிசம் உள்ள நண்பர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்பவையும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். குழந்தைகளைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் அதிகம் பேர் எழுதுவதில்லை.

ஆட்டிசத்துக்கும் போடுகிற துணிக்கும் என்ன சம்பந்தம்?

ஆட்டிசம் என்றதும் பேச்சு, பழகும் விதம், கண்ணைப் பார்த்துப் பேசாமை ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். புலனுணர்வும் அதில் ஒரு பங்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேடு, தொடுதல், ஒலி, ஒளி, மணம் போன்றவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

இந்தத் தொல்லைகளில் உடைக்கு ஒரு தனி இடம் உண்டு. சத்தம் தாங்கவில்லை என்றால் அறையை விட்டு வெளியேறலாம். வெளிச்சம் கூசினால் திரையை இழுத்துவிடலாம். சட்டை மட்டும் காலையிலிருந்து இரவு வரை உடம்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

எல்லோருக்கும்தானே லேபிள் குத்துகிறது? இதில் என்ன பெரிய விஷயம்?

குத்துகிறது, உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் அது மறந்துபோகும். இப்போது உங்கள் இடுப்புப் பட்டை எங்கே அழுத்துகிறது என்று இதைப் படிப்பதற்குமுன் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாறாமல் தொடரும் தொடுதலை நரம்பு மண்டலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தப் பழகிப்போதல் தாமதமாகவே நடக்கிறது, அல்லது நடப்பதே இல்லை. மாலை ஐந்து மணிக்கும் அந்த லேபிள் காலை எட்டு மணிக்குக் குத்தியதுபோலவே குத்தும். கால்நடை அறிவியல் பேராசிரியரும் ஆட்டிசம் உள்ளவருமான டெம்பிள் கிராண்டின், புதுவகை உள்ளாடைக்குப் பழகத் தமக்கு மூன்று நான்கு நாள் ஆகும் என்று எழுதியிருக்கிறார்.

எனவே “தாங்க முடிகிறதா, இல்லையா” என்பதல்ல கேள்வி. பெரும்பாலும் தாங்கிவிடுவோம். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூட்டத்தில் பேசுவதைக் காதில் வாங்க வேண்டிய கவனத்தில் பாதியைக் கழுத்துப்பட்டி தின்றுவிடும். வீடு திரும்பியதும் எரிச்சலும் களைப்பும் காரணமே இல்லாமல் வந்ததாகப் பிறருக்குத் தோன்றும்.

எனக்கும் கம்பளி ஆகாது, லேபிளை வெட்டாமல் போட மாட்டேன். அப்படியானால் எனக்கும் ஆட்டிசமா?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) உள்ளவர்களிலும் பலருக்கு இப்படி இருக்கிறது. வேறு எந்தப் பெயரும் பொருந்தாத சாதாரண மனிதர்களுக்கும் இருக்கிறது. தோல் நோயாகவும் இருக்கலாம். ஜீன்ஸ் பித்தான் படும் இடத்தில் மட்டும் சிவந்து தடித்தால், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவரைப் பாருங்கள். ஆட்டிசம் எந்த அடையாளத்தையும் தோலில் விட்டுச்செல்வதில்லை. கீழே இருக்கும் யோசனைகளைப் பயன்படுத்திக்கொள்ள எந்த மருத்துவச் சான்றும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆட்டிசம் உள்ளவர், லேசாகத் தொட்டால் துள்ளி விலகுகிறார். ஆனால் இறுக்கமான உடைதான் பிடிக்கும் என்கிறார். இது முரணாக இல்லையா?

இல்லை. மெல்லிய தொடுதலும் ஆழ்ந்த அழுத்தமும் உடம்புக்கு ஒன்றே அல்ல. தோலில் வேறுவேறு வகை நரம்புகள் இருக்கின்றன. மெதுவான வருடலை மட்டுமே உணர்வதற்கென்று முடி உள்ள தோலில் ஒரு தனி நரம்பிழை வகையே உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அது நன்றாகத் தூண்டப்படும். தொளதொளவென்று நடக்கும்போதெல்லாம் உரசி உரசி விலகும் சட்டை இப்படி ஓயாமல் வருடிக்கொண்டே இருக்கிறது. உடம்போடு ஒட்டி நிற்கும் சட்டை அசைவதில்லை; அதனால் அந்த வருடல் செய்தியை அனுப்புவதில்லை.

கிராண்டின் இந்த வேறுபாட்டைத் தன் உடம்பிலேயே கண்டறிந்தவர். ஊசி போடும்போது மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டில் அவை அமைதியடைவதைப் பார்த்துவிட்டு, 18 வயதில் தனக்கென்று அப்படியொரு அழுத்துப் பெட்டியைச் செய்துகொண்டார். ஆனால் எல்லோருக்கும் அழுத்தம் பிடிக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். இடுப்பில் எதுவும் இறுக்கக் கூடாது, தோள் மட்டும் கனமாக இருக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. ஒரே ஆளுக்கு முதுகில் மிகையுணர்வும் பாதத்தில் குறையுணர்வும் இருக்கலாம்.

அழுத்தும் உடைகளையும் கனமான போர்வைகளையும் விற்பவர்கள் ஆய்வுகள் சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014-ல் வெளியான ஒரு பரிசோதனையில், கனமான போர்வையால் தூங்கும் நேரம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. “பிடித்திருக்கிறது” என்பதே வாங்குவதற்குப் போதுமான காரணம் என்பது என் கட்சி. குணப்படுத்தும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

பருத்திதானே எல்லோருக்கும் நல்லது?

இந்தப் பதிலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், பாதிதான் சரி. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்துவைக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதனால்தான் பாலியெஸ்டரில் வியர்வை வழியும், உலர்ந்த நாளில் நிலைமின் சுளீர் என்று இழுக்கும். ஆனால் அதிகம் வியர்ப்பவருக்கு, நனைந்த பருத்தி கனத்து முதுகில் ஒட்டிக்கொள்வது பாலியெஸ்டரைவிட மோசமாகத் தோன்றலாம். ஈரத்துணி படுவதே பொறுக்காதவர்கள் விளையாட்டு வீரர்களின் மெல்லிய செயற்கை இழை உடைகளை விரும்புவது இதனால்தான்.

நூலைவிட நெசவும் இழையின் தடிமனும் முக்கியம். கம்பளி குத்துவதற்குப் பெரும்பாலும் ஒவ்வாமை காரணம் இல்லை. சுமார் 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் நுனி வளையாமல் தோலை அழுத்துகிறது, அவ்வளவுதான். 20 மைக்ரானுக்குக் குறைந்த மெரினோ கம்பளி வளைந்துகொடுத்துவிடும். கம்பளியே ஆகாது என்றிருந்த சிலர் அதைப் போடுகிறார்கள். பருத்தியிலும் விறைப்பான நெசவுச் சட்டைத் துணியும் டி-ஷர்ட்டின் பின்னல் துணியும் வேறுவேறு உலகம். மோடல், லயோசெல் போன்ற மரக்கூழ் இழைகள் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பே சிலருக்குக் குமட்டலைத் தரும். கடையில் விரல் நுனியால் தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள். முழங்கையின் உட்புறத்திலோ கழுத்திலோ ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

லேபிளை வெட்டிவிட்டால் போதாதா?

வெட்டியவர்களைக் கேளுங்கள். கத்தரியால் வெட்டினால் தையலுக்குள் மாட்டியிருக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அங்கேயே நின்றுவிடும். செயற்கை இழை லேபிளின் ஓரத்தை நூல் பிரியாமலிருக்கத் தொழிற்சாலையில் சூடுவைத்து வெட்டியிருப்பார்கள். உருகி இறுகிய அந்த ஓரம் கெட்டியாக இருக்கும். மென்மையான பகுதியை நீங்கள் எறிந்துவிட்டீர்கள், குத்தும் பகுதி கழுத்திலேயே இருக்கிறது. சட்டையைப் புறம் திருப்பி, தையல் பிரிக்கும் கூர்முனைக் கருவியால் லேபிளைப் பிடித்திருக்கும் நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து, முழு லேபிளையும் இழுத்தெடுக்க வேண்டும். அதே நூல் கழுத்துப்பட்டியையும் சேர்த்துப் பிடித்திருந்தால் அந்த இடம் வாய் திறக்கும். மெல்லிய பருத்தி நூலால் நான்கு தையல் போட்டு மூடிவிடலாம்.

லேபிள் போன பிறகும் உறுத்தினால் தையலைப் பாருங்கள். மூன்று நான்கு நூல் சுற்றிய ஓவர்லாக் தையல் உட்புறம் ஒரு மேடாக எழும்பி நிற்கும்; பக்கவாட்டில் விலா எலும்போரம் அதுதான் உரசுகிறது. மீன்பிடி நரம்புபோல் தெரியும் நைலான் நூலின் அறுந்த நுனி வேறு குத்தும். தட்டையாகப் பரத்தித் தைத்த உடைகளை உடற்பயிற்சிப் பிரிவில் தேடினால் கிடைக்கும். வீட்டில் இருக்கும்போது உடையைப் புறம் திருப்பிப் போட்டுக்கொள்வது செலவில்லாத வழி. யார் பார்க்கப் போகிறார்கள்?

புதுச் சட்டை என்றாலே முகம் சுளிக்கிறார். பழசையே போடுவதற்கு இதுவா காரணம்?

இதுவும் ஒரு காரணம். கடையிலிருந்து வரும் துணியில் விறைப்புக்காகவும் சுருங்காமலிருக்கவும் பல பூச்சுகள் இருக்கும். இஸ்திரி தேவையில்லை என்று விற்கும் துணிகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின் உண்டு. அது சிலருக்குத் தோலையும் பாதிக்கும். போடுவதற்குமுன் இரண்டு மூன்று முறை துவைத்தால் பூச்சும் கடை வாசனையும் நன்றாகக் குறையும். சோப்பைக் குறைத்து, ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். தங்கிப்போன சோப்பும் உறுத்தும்.

துணியை மென்மையாக்கும் திரவத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அது இழையின்மேல் ஒரு படலத்தை விட்டுச்செல்கிறது. துண்டு ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. அதன் மணமோ நாள் முழுக்கத் தலையைச் சுற்றவைக்கும். கொடியில் உலர்ந்த பருத்தி விறைத்துக்கொண்டால், இழைகளுக்கிடையே எஞ்சிய ஈரம் அவற்றை ஒட்டவைத்திருக்கிறது என்று பொருள். நன்றாக உதறிக் கையால் கசக்கினாலே இளகிவிடும்.

சாக்ஸுக்காகவெல்லாம் ஒருவர் வேலைக்குத் தாமதமாக வருவாரா?

வருவார். விரல் நுனியில் குறுக்கே ஓடும் தையல், ஷூவுக்குள் ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் முழு எடையோடும் அழுந்துகிறது. அதைச் சரியாக விரல்களின் மேலே நிறுத்தக் கழற்றிக் கழற்றிப் போடுவதில் நேரம் போய்விடும். தையல் இல்லாத சாக்ஸ் கிடைக்கிறது. இல்லாவிட்டால் புறம் திருப்பிப் போடலாம். ஒருமுறை பொருந்திவிட்டால் அதே வகையில் ஒரு டஜன் வாங்கிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிரா பற்றித் தனியாகவே எழுதலாம். கம்பி, கொக்கி, தோள்பட்டை, அடிப்பட்டை என்று நான்கு தொல்லைகள் ஒரே உடையில் சேர்ந்திருக்கின்றன. கம்பி இல்லாத, தலைவழியாகப் போடும் பின்னல் வகைக்கு மாறியவர்களும், உள்ளே தாங்கு துணி வைத்த பனியனோடு நிறுத்திக்கொண்டவர்களும் நிறைய.

வெயில் கொளுத்துகிறது, இவர் தலைமூடி வைத்த தடித்த ஹூடியில் இருக்கிறார். வேர்ப்பதுகூடத் தெரியாதா?

தெரியாமலும் இருக்கலாம். உடம்புக்குள் நடக்கும் பசி, தாகம், சூடு ஆகியவற்றை உணர்வதும் ஒரு புலன்தான். ஆட்டிசம் உள்ள சிலருக்கு அதன் குரல் மிகவும் மெல்லியது. தலை சுற்றும்போதுதான் சூடு என்று புரியும். தெரிந்தே போடுபவர்களும் உண்டு: தலைமூடி பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கிறது, சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது, தோளில் கனம் தருகிறது. கையில்லாத சட்டை போட்டால் தோலில் காற்றுப்படுவதே சிலருக்குத் தொல்லை.

வெப்பத் தாக்கு விளையாட்டல்ல என்பதால் இதில் நான் சும்மா விட்டுவிடச் சொல்ல மாட்டேன். “கழற்று” என்பதற்குப் பதிலாக, அதே அளவில் அதே வெட்டில் மெல்லிய துணியில் ஒன்று தேடிக்கொடுங்கள். உணர்வை நம்பாமல் வெப்பநிலையைப் பார்த்து உடை முடிவு செய்யும் வழக்கமும் உதவும்: இத்தனை டிகிரிக்கு மேல் போனால் இந்தச் சட்டை என்று அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிடலாம்.

தினமும் ஒரே உடை. துவைக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

பெரும்பாலும் ஒரே மாதிரி ஐந்தாறு உடைகள் இருக்கும். கேட்டுப் பாருங்கள். பாதுகாப்பான உடை என்று தெரிந்துவிட்டபின் வேறொன்றைத் தேடிப் போக என்ன அவசியம்? தினமும் காலையில் ஒரு முடிவு மிச்சமாகிறது என்பது கூடுதல் லாபம். உண்மையிலேயே ஒன்றுதான் இருக்கிறது, துவைத்தால் அதன் உணர்வு மாறிவிடும் என்று தள்ளிப்போடுகிறார் என்றால், வாசனையில்லாத சோப்பும் இரண்டாவது பிரதியும்தான் வழி.

நேற்று சந்தோஷமாகப் போட்ட சட்டையை இன்று தொடவே மாட்டேன் என்கிறார். பிடிவாதம்தானே?

தூக்கமின்மை, பதற்றம், காய்ச்சல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்தது — எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். துணி மாறவில்லை, தாங்கும் அளவு குறைந்துவிட்டது. இரண்டாவது கேள்வியில் சொன்ன விலை, சில நாட்களில் கையிருப்பைவிட அதிகம். மோசமான நாளுக்கென்றே ஒரு உடையை ஒதுக்கிவைப்பது நல்லது. வெளியில் போகும்போது பையில் மாற்று டி-ஷர்ட் ஒன்று இருப்பதும் அப்படியே.

பழக்கப்படுத்தினால் சரியாகிவிடாதா? சின்ன வயதில் அடித்துப் போடவைத்தோம், போட்டாரே!

போட்டார். உறுத்தல் நின்றதா என்று கேட்டீர்களா? வலியைக் காட்டினால் அடி விழும் என்று கற்றுக்கொண்டவர், காட்டாமலிருக்கக் கற்றுக்கொண்டார். நீண்ட காலம் இப்படி மறைத்து வாழ்பவர்கள் பிற்காலத்தில் வேலையும் பேச்சும் முடங்கும் அளவுக்கு ஓய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

தானே விரும்பி மெல்லப் பழகுவது வேறு. திருமணத்துக்கு ஒரு கோட்டு போட்டாக வேண்டும் என்றால், வீட்டில் பத்து நிமிடம், பிறகு அரை மணி என்று போட்டுப் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்ற உரிமை கையில் இருக்க வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்களான ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இதில் உதவுவார்கள். தொடுவுணர்வு மிகுதியைத் தனிப் பிரச்சினையாக முதலில் விவரித்தவர்களில் ஒருவரான ஜீன் ஏர்ஸ் (1920–1988) அந்தத் துறையைச் சேர்ந்தவர்தான். இன்னொன்று: எல்லாம் மனப்பழக்கம் என்பதும் ஐயத்துக்குரியது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2016-ல் சுண்டெலிகளிடம் கண்டது, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணு மாற்றங்கள் மூளைக்கு வெளியே, தோலிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்புகளிலேயே மிகையுணர்வை உண்டாக்குகின்றன என்பதை. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்றில்லை. ஆனாலும் “நினைத்தால் சரியாகும்” என்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

அலுவலகத்தில் சீருடையும் டையும் கட்டாயம். எப்படிக் கேட்பது?

சலுகை கேட்பதாக நினைத்துக் கூசாதீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை (2006), ஒருவரின் நிலைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பதையே பாகுபாடு என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“சீருடை வேண்டாம்” என்று தொடங்காமல், குறிப்பாகக் கேட்டால் எளிதில் கிடைக்கும்: “இந்தத் துணி என் தோலில் நாள் முழுக்க உறுத்துவதால் கவனம் சிதறுகிறது. இதே நிறத்தில் பின்னல் துணிச் சட்டை அணிய அனுமதி வேண்டும்.” நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். மறுத்தால், சீருடைக்குள் உடம்போடு ஒட்டிய தையலில்லாத பனியன் போட்டுக்கொள்வது பாதி நிவாரணம். டைக்கு, சட்டைக் கழுத்தை ஒரு அளவு பெரிதாக எடுத்துக்கொண்டால் மேல்பித்தான் போட்டும் மூச்சு விடலாம்.

என் தம்பிக்கு 30 வயது, பேச்சு வராது. எங்கு போனாலும் உடையைக் கழற்றிவிடுகிறான். பின்பக்கம் ஜிப் வைத்த, அவனால் கழற்ற முடியாத உடை நல்லதா?

கழற்றுவது அவர் பேச்சு. முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்: தோலில் புண், பூஞ்சைத் தொற்று, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கலால் வயிற்றுவலி இவற்றில் ஏதாவது இருந்தாலும் உடையைப் பிய்த்தெறிவார்கள். பிறகு எந்த உடையை, எந்த இடத்தில், எத்தனை நேரம் கழித்து என்று குறித்துவாருங்கள். இடுப்பில் எலாஸ்டிக் உள்ளதை மட்டும் கழற்றுகிறார் என்று தெரிந்தால் விடை கையில் கிடைத்துவிட்டது. இரண்டு துணிகளைக் காட்டி அவரையே தொட்டுத் தேர்ந்தெடுக்க விடுங்கள். பேசாதவர்களும் தெளிவாகவே தேர்ந்தெடுப்பார்கள்.

பின் ஜிப் உடையை எனக்குப் பிடிக்கவில்லை. உறுத்தும் ஒன்றிலிருந்து தப்பிக்கும் ஒரே வழியையும் அது பூட்டிவிடுகிறது. கழிப்பறைக்குத் தனியாகப் போவதையும் தடுக்கிறது. பஸ் பயணம்போலச் சிறு நேரத்துக்கு, உறுத்தாத துணியில், வேறு வழியே இல்லை என்றால் யோசிக்கலாம். நாள் முழுக்கப் போட்டுவைப்பது கட்டிப்போடுவதுதான். வீட்டில் தன் அறையில் அவர் உடையில்லாமல் இருக்க ஒரு நேரமும் இடமும் ஒதுக்குவது பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது.

நாற்பது வயதுக்குப் பிறகுதான் ஆட்டிசம் என்று தெரிந்தது. இத்தனை காலம் எல்லாவற்றையும் பொறுத்துப் போட்டதில், எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை.

பலரும் இதைச் சொல்கிறார்கள். “பிடிக்கிறதா” என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் எதை முதலில் கழற்றுகிறீர்கள் என்று கவனியுங்கள். எந்த உடை எப்போதும் அலமாரியின் அடியிலேயே கிடக்கிறது, எந்த உடை போட்ட நாளில் கை அடிக்கடி கழுத்துக்குப் போகிறது — இதெல்லாம் உங்கள் உடம்பு ஏற்கெனவே தந்துவைத்திருக்கும் பதில்கள். முதல் சில மாதங்கள் முன்பைவிட அதிகமாக உறுத்துவதுபோலத் தோன்றும். பயப்படாதீர்கள், அடக்கிவைத்ததை இப்போதுதான் கவனிக்கிறீர்கள்.

ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு உடை பரிசளிக்கலாமா?

ஏற்கெனவே அவரிடம் உள்ள அதே உடையின் அதே அளவாக இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் ரசீதோடு கொடுங்கள், போட்டுக்காட்டச் சொல்லாதீர்கள்.

பத்து வருடமாகப் போடும் சட்டை நைந்துவிட்டது. கம்பெனி அந்த ரகத்தையே நிறுத்திவிட்டது. இப்போது என்ன செய்வது?

முழுதாகக் கிழியும்வரை காத்திருக்க வேண்டாம். உள்லேபிளில் உள்ள இழை விகிதத்தையும் ரக எண்ணையும் படமெடுத்துக்கொண்டு, பழைய உடைகளை விற்பவர்களிடம் தேடுங்கள். அதே ரகம் அங்கே கிடைக்கும்போது ஏற்கெனவே இளகியே வரும். நிறம் மாற்றி வாங்கும்போது கவனம்: ஒரே ரகத்தில் கறுப்புக்கு ஏறும் சாயம் வெள்ளையைவிட மிக அதிகம், தொட்டால் வேறு துணியாகவே தோன்றலாம். வேறு தொழிற்சாலையில் தைத்ததும் அப்படித்தான்.

கிடைக்காவிட்டால் ஒரு நல்ல தையல்காரரிடம் சட்டையைக் கொண்டுபோங்கள். ஒரு பழைய பிரதியைத் தையல் பிரித்து அச்சு வெட்ட அனுமதித்தால் அளவு அச்சாக வரும். துணியை நீங்களே தேர்ந்தெடுத்து, தைப்பதற்குமுன் மூன்று முறை துவைத்துக் கொடுங்கள். மேடில்லாத தையல் வேண்டும், பருத்தி நூல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் ஒன்று மட்டும் தைக்கச் சொல்லி ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மீதியைக் கொடுங்கள்.